சாவியைச் சொல்லித்தராத கோர்ஸ்

மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி: எந்த இன்ஸ்டிடியூட், எந்த லேப்டாப்? இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, யாருமே கேட்காத இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன். நான் அடிபட்டது அதில்தான்.

இன்ஸ்டிடியூட் வேண்டாம். வேலூரில் ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தேன், பெயர் சொல்லப்போவதில்லை. ஷூ கம்பெனியில் வேலை முடித்த கையோடு பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே போய்ப் படித்தேன். ஜாவா நடத்தினார்கள். "கூகுள் 2019லேயே கோட்லினுக்குத்தான் முதலிடம் என்று அறிவித்துவிட்டதே சார்" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அட்வான்ஸ்டு, அப்புறம் பார்க்கலாம்" என்றார் சார். அந்த அப்புறம் வரவே இல்லை. லாகின் பேஜ் மட்டும் விதவிதமாகச் செய்யச் சொன்னார்கள். ஆண்ட்ராய்டு தளத்தில் கூகுளே இலவசமாக வைத்திருக்கும் பாடங்கள் அதைவிட எவ்வளவோ மேல். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, ஒரு பாடத்தை மூன்று தரம் படியுங்கள். பஸ் காசாவது மிச்சம்.

லேப்டாப்பைப் பொறுத்தவரை, பள்ளியில் அரசு முன்பு கொடுத்தது உங்களிடமும் இருக்கலாம். அதில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடும் என்று நம்பி உட்காராதீர்கள். 8 ஜிபி ராம் இல்லாமல் அது நகராது, 16 இருந்தால் நிம்மதி. கணினிக்குள்ளேயே ஒரு போலிப் போனை ஓட்டும் எமுலேட்டரைத் தொடவே வேண்டாம். உங்கள் போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டு, கேபிளில் செருகினால் முடிந்தது. லேப்டாப் ரொம்ப மோசமென்றால் எம்ஐடி ஆப் இன்வென்டர் இருக்கிறது. கூகுள் 2010இல் தொடங்கியது, 2012இல் எம்ஐடி எடுத்துக்கொண்டது. பிரவுசரிலேயே கட்டங்களை இழுத்துக் கோத்துச் செயலி செய்யலாம். குழந்தைகள் விளையாட்டு என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐபோனுக்குச் செய்து ஆப் ஸ்டோரில் வெளியிட மேக் கணினியும் வருடம் 99 டாலரும் வேண்டும். நம் தெருவில் யார் ஐபோன் வைத்திருக்கிறார்கள்? விடுங்கள்.

இனி என் கதை. எங்கள் தெருவில் பெண்கள் வீட்டிலேயே ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கிறார்கள். ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து போடுவார், கையால் தைத்துக் கொடுக்க வேண்டும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆர்டிகிளுக்கு ஆர்டிகிள், அதாவது ஷூ மாடலுக்கு மாடல், ரேட் மாறும். எத்தனை ஜோடி போனது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்பதெல்லாம் ஏஜென்ட் நோட்டில்தான் இருக்கும். சனிக்கிழமை அவர் சொல்வதே கணக்கு. இதற்குத்தான் என் முதல் செயலி: ஆர்டிகிளைத் தொடு, ஜோடி எண்ணைப் போடு, வாரக் கடைசியில் மொத்தத்தைப் பார். லாகின் கிடையாது, இன்டர்நெட்டும் வேண்டாம். கணக்கெல்லாம் அந்தந்த போனுக்குள்ளேயே இருக்கும். முதல் செயலிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்று இன்றைக்கும் கேட்கிறேன். பிளே ஸ்டோரில் ஆயிரம் டூ-டூ லிஸ்ட் கிடக்கிறது. ஆயிரத்தொன்றாவதை நீங்கள் செய்து என்ன ஆகப்போகிறது?

இன்ஸ்டிடியூட் கணினியில் பில்ட் செய்து, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சில வீடுகளில் பிள்ளைகள் பயந்தார்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் மோசடி இருப்பதால், அவர்கள் பயந்தது சரிதான். வீடு வீடாகப் போய் நானே போட்டுக் கொடுத்தேன். அக்காக்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா போனை நீட்டி, "இதுல வேற மாதிரி காட்டுதே" என்று ஏஜென்டிடமே கேட்டுவிட்டார். ஏஜென்ட் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அதன்பின் ரிஜெக்ட் கணக்கையும் சேர்க்கச் சொன்னார்கள். கோர்ஸ் முடிந்திருந்தது. பென்டிரைவில் கொண்டுவந்த புராஜெக்டை, தவணையில் வாங்கிய என் லேப்டாப்பில் திறந்து, புது வசதியைச் சேர்த்து, பில்ட் செய்து அனுப்பினேன். எல்லாப் போனிலும் ஒரே பதில்: ஆப் நாட் இன்ஸ்டால்டு. யூடியூபில் தேடினால் எல்லா வீடியோவும் ஒரே வைத்தியத்தைச் சொன்னது: பழையதை அன்இன்ஸ்டால் செய், புதியதைப் போடு. செய்யச் சொன்னேன். புதியது ஏறியது. திறந்தால் எல்லாம் பூஜ்யம். மாதக்கணக்கில் போட்டு வைத்த ஜோடிகள், அந்த வாரக் கூலி உட்பட, ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் ஒரு சைனிங் கீயால் முத்திரையிடப்படுகிறது. நாம் தனியாகச் சாவி உருவாக்காவிட்டால், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ அந்தக் கணினிக்கென்று ஒரு டீபக் சாவியைத் தானே உருவாக்கிப் போட்டுக்கொள்கிறது. அது புராஜெக்ட் ஃபோல்டரில் இருக்காது. கணினியில் நம் பயனர் கணக்குக்குள் வேறொரு ஃபோல்டரில் ஒளிந்திருக்கும். பென்டிரைவில் புராஜெக்ட் வந்தது, சாவி அங்கேயே நின்றுவிட்டது. சாவி வேறாக இருந்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு யாரோ செய்தது என்று ஆண்ட்ராய்டு அப்டேட்டை மறுத்துவிடும். அன்இன்ஸ்டால் செய்தால் போனுக்குள் இருக்கும் கணக்கும் சேர்ந்து அழியும். இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடினேன். அடுத்த பேட்சுக்காக எல்லாக் கணினியையும் ஃபார்மேட் செய்துவிட்டிருந்தார்கள். "நீ காப்பி எடுத்துக்கலையா?" என்று சார் கேட்டார். சாவி என்று ஒன்று இருப்பதையே சொல்லித்தராதவர் கேட்கிற கேள்வியா இது?

இதைவிடக் கசப்பானது பிறகு தெரிந்தது. டீபக் பில்ட் என்பதால், கேபிளில் செருகி, ஏடிபி என்ற கருவியில் ரன்-ஆஸ் என்ற கட்டளையைக் கொடுத்திருந்தால், அன்இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஒவ்வொரு போனிலிருந்தும் கணக்கை முழுசாக எடுத்திருக்கலாம். ஒரு வீடியோவிலும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கூகுள் தானாகவே காப்பு எடுக்குமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். அது வைஃபை இருந்து, போன் சும்மா கிடக்கும்போது எடுப்பது. எங்கள் தெருவில் டேட்டா பேக்தான்.

அந்தச் சனிக்கிழமை ஏஜென்ட் நோட்டைத் திறந்து வைத்து, "இதுல இருக்கிறதுதான் கணக்கு" என்றார். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. "நோட்டுலயே எழுதியிருப்பேனே தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதற்கு மட்டும் என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

ஆகவே, முதல் பட்டன் வைப்பதற்கு முன் சொந்தச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். மெனுவில் ஜெனரேட் சைன்டு என்ற இடத்தில் இருக்கிறது, பத்து நிமிட வேலை. சாவிக் கோப்பைப் பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் வையுங்கள். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அடுத்து, கணக்கை வெளியே அனுப்பும் பட்டன்: தொட்டால் முழுக் கணக்கும் ஒரு கோப்பாகி வாட்ஸ்அப்பில் போக வேண்டும். நான் இரண்டாவது முறை செய்தபோது வைத்த முதல் பட்டன் அதுதான். இன்னொன்று, டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும்போது ரூம் என்ற ஆண்ட்ராய்டு டேட்டாபேஸ் லைப்ரரியில் ஃபால்பேக் டூ டிஸ்ட்ரக்டிவ் மைக்ரேஷன் என்ற வரியைப் போட்டால் பிழை போய்விடும் என்பார்கள். பிழையோடு பழைய பதிவுகளும் போய்விடும். போடாதீர்கள்.

தமிழில் செய்யும்போது பட்டன் அகலத்தை அளந்து கட்டாதீர்கள். சேவ் என்பதை விடச் சேமிக்கவும் என்பது நீளம். அதோடு நம் அம்மாக்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். பாதிச் சொல் வெட்டுப்படும்.

பிளே ஸ்டோருக்குப் போக ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்த கார்டு வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபராகக் கணக்குத் தொடங்கியவர்கள் முதலில் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முன்பு 20 பேர் கேட்டார்கள். பன்னிரண்டு ஆள் கிடைக்காமல் பணம் கொடுத்துப் பிடிக்கிறார்களாம். தெருவுக்காகச் செய்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்டோர் வழியாகப் போனால் செயலிச் சாவியைக் கூகுளே வைத்துக்கொள்ளும். நாம் தொலைக்கக்கூடியது அப்லோடு சாவி மட்டும், அதைக் கூகுளிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பும் வழியும் நீண்ட நாள் இப்படியே திறந்திருக்காது. ஸ்டோருக்கு வெளியே போடும் செயலிக்கும் செய்தவரின் அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது.

ஆம்பூர், மாதனூர் பக்கம் யாராவது கூலிக் கணக்குக்குச் செயலி செய்தால் ஒரு வேண்டுகோள். முதல் சில மாதம் நோட்டிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். நோட்டும் செயலியும் எல்லா வாரமும் ஒத்துப்போகும் வரை, நோட்டை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.