மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்திற்கு

1927ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒரு பெண் மருத்துவர் உறுப்பினராக அமர்ந்தார். அதுவரை அந்த அவையில் ஆண்கள் மட்டுமே இருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று போற்றப்படும் அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் பிறந்த சமூகத்தில், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கம் இருந்தது. இறைவனின் பெயரால் தாலி கட்டப்பட்ட அச்சிறுமியர் தேவதாசிகள் எனப்பட்டனர். ஆடலிலும் பாடலிலும் அவர்கள் சிறந்து விளங்கினர். எனினும், பிறரைப்போல் மணம் புரிந்து வாழும் உரிமை அவர்களுக்கு இல்லை. செல்வர்களை அண்டி வாழவேண்டிய நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். உலகம் அறியாத வயதிலேயே அவர்களின் வாழ்க்கையைப் பிறர் முடிவு செய்தனர்.

முத்துலட்சுமிக்குக் கல்வி வேறொரு வழியைக் காட்டியது. அந்த வழியும் எளிதாக இல்லை. ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர், 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணி அவருக்குச் சமுதாயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. இளம் வயதிலேயே தாயாகி உடல் நலிந்த பெண்களையும் ஆதரவற்ற குழந்தைகளையும் அவர் நாள்தோறும் கண்டார். மருந்து கொடுத்தால் நோய் தீரும். ஆனால், அந்த நோய்க்குக் காரணமான வழக்கம் தீராதே! இந்த எண்ணம் அவர் மனத்தை வாட்டியது.

இந்நிலையில், இந்திய மாதர் சங்கம் அவரைச் சட்டமன்ற உறுப்பினர் பதவிக்குப் பரிந்துரைத்தது. மருத்துவப் பணி தடைபடுமோ என்று அவர் முதலில் தயங்கினார். எனினும், பெண்களின் குரல் அவையில் ஒலிக்க வேண்டும் என்பதற்காகப் பொறுப்பை ஏற்றார். உறுப்பினர்கள் அவரையே அவையின் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர்.

மருத்துவமனையில் கண்டவற்றையே அவர் அவையில் பேசினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும், பெண்களின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று வலியுறுத்தினார்.

அவர் மேற்கொண்ட மிகக் கடினமான பணி தேவதாசி முறையை ஒழிப்பதே. மரபைக் காக்க வேண்டும் என்று கூறிப் பலர் அவரை எதிர்த்தனர். தேவதாசிப் பெண்களிலும் ஒரு பகுதியினர், தங்கள் கலையும் வாழ்வாதாரமும் அழிந்துவிடும் என அஞ்சி எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. கோயில் பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட மானிய நிலமே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பணியை விட்டால் நிலமும் கைவிட்டுப் போகும். இதை உணர்ந்த முத்துலட்சுமி, முதலில் நிலச் சிக்கலைத் தீர்க்க முனைந்தார். அவரது முயற்சியால் 1929இல் சட்டம் திருத்தப்பட்டது. கோயில் பணியைச் செய்யாவிட்டாலும் நிலம் அப்பெண்களுக்கே உரியது என்றானது. அதன் பிறகே, பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் மசோதாவை 1930இல் கொண்டுவந்தார்.

அதே ஆண்டில் உப்புச் சத்தியாகிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலட்சுமி தம் பதவியைத் துறந்தார். அவருடைய மசோதா அப்போது சட்டமாகவில்லை.

ஆயினும், பதவி போனதால் பணி நிற்கவில்லை. தேவதாசி குடும்பங்களைச் சேர்ந்த மூன்று சிறுமியர் அடைக்கலம் தேடி அவர் வீட்டிற்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் மறுத்துவிட்டன. முத்துலட்சுமி தம் வீட்டையே அவர்களுக்குப் புகலிடமாக்கினார். அதுவே ஆதரவற்ற பெண்களுக்கான ‘அவ்வை இல்லம்’ ஆக வளர்ந்தது. சட்டம் வரும்வரை அச்சிறுமியரால் காத்திருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் எதிர்பார்த்த சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இடையில் பதினேழு ஆண்டுகள் உருண்டோடியிருந்தன.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சில் ஆறாமல் இருந்தது. நீண்ட நாள் முயற்சிக்குப் பிறகு, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அங்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டு மட்டுமே. இன்று அது நாடறிந்த மருத்துவ நிறுவனமாக விளங்குகிறது.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கியது. 1968இல் அவர் மறைந்தார். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவும் தமிழக அரசின் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முத்துலட்சுமி சட்டமன்றத்தில் இருந்தது ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்தாம். அவர் தொண்டாற்றியதோ வாழ்நாள் முழுவதும்.

சிந்தித்து விடையளிக

1. தேவதாசி முறையைத் தடைசெய்யும் மசோதாவுக்கு முன்பு, முத்துலட்சுமி ஏன் நிலச் சிக்கலைத் தீர்க்க முனைந்தார்?
2. ‘பதவி போனதால் பணி நிற்கவில்லை’ என்பதைப் பனுவலிலிருந்து இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
3. சமுதாய மாற்றத்திற்குச் சட்டம் மட்டுமே போதுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.