திரும்பி வரும் ஒளி லேசருக்கு எதிரியல்ல

பொருளில் பட்டுத் திரும்பும் ஒளி லேசருக்குள் நுழைந்தால் எல்லாம் கெட்டுவிடும், அசைவை அளக்கத் தனியாகக் குறுக்கீட்டுமானி வாங்கியே ஆக வேண்டும். இந்தப் பேச்சு ஓய்வதாகவே இல்லை. மாணவர் சொன்னால் பொறுக்கலாம். ஒளியியல் நடத்துகிற ஆசிரியர்களே சொல்வதை எப்படிப் பொறுப்பது?

1963-லேயே கிங், ஸ்டூவர்ட் என்ற இருவர் இதற்கு விடை சொல்லிவிட்டார்கள். ஹீலியம்-நியான் லேசருக்கு வெளியே இருந்த கண்ணாடி அரை அலைநீளம் நகரும்தோறும் லேசரின் ஒளிச்செறிவு ஒருமுறை ஏறி இறங்கியது. திரும்பிய ஒளி உள்ளே இருந்த ஒளியோடு கலந்ததே காரணம். லேசர் பின்னூட்டக் குறுக்கீட்டு முறை என்பது இதுதான். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரில் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் 325 நானோமீட்டர் நகர்வு. பொருள் கற்றையின் திசையில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், நொடிக்குச் சுமார் 3,077 ஏற்ற இறக்கங்கள். எண்ணிக்கை தூரத்தைச் சொல்லும், அதிர்வெண் வேகத்தைச் சொல்லும். கற்றைப் பிரிப்பானும் வேண்டாம், ஒப்பீட்டுக் கண்ணாடியும் வேண்டாம்.

திரும்பும் ஒளி மிகுந்தால் லேசர் நிலைகுலையும் என்பது உண்மைதான். ஒளியிழைத் தகவல்தொடர்பில் ஐசொலேட்டர் வைப்பது அதனால்தான். இங்கே திரும்புவதோ மிகச் சிறு பங்கு. தகவல்தொடர்புக்கான விதியை அளவீட்டின் தலையில் கட்டுவது அரைகுறைப் படிப்பு.

பொருளில் கண்ணாடி ஒட்ட வேண்டுமா? வெள்ளைத் தாளே போதும். திசை தெரியாதா? பின்னூட்டம் ஓரளவு கூடினால் அலைவடிவம் ரம்பப் பல்லாகச் சாயும். சாயும் பக்கம் திசையைக் காட்டிவிடும். லேசர் மவுஸ் எல்லாமே படம் பிடித்துத்தான் நகர்வை அறிகிறதா? இல்லை; பிலிப்ஸின் ட்வின்-ஐ உணரி இந்தப் பின்னூட்ட முறையில் இயங்கியது. மலிவு டையோடிலும் நானோமீட்டர் துல்லியம் தானாக வந்துவிடும் என்பது எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கை. வெப்பம் மாறினால் அலைநீளமும் மாறும், கணக்கும் பிசகும்.

மைக்கேல்சன் சோதனையில் வளையங்களைக் கண்ணால் எண்ணிவிட்டு ரெக்கார்டு நோட்டை மூடுவதோடு நம் கல்லூரி ஆய்வகங்கள் நின்றுவிடக் கூடாது. உள்ளேயே ஃபோட்டோ டையோடு உள்ள மூன்று கால் லேசர் டையோடு, ஒரு பெருக்கிச் சுற்று, ஆசிலாஸ்கோப், அதிர்வதற்கு ஒரு ஒலிபெருக்கி இருந்தால் போதும். வாங்கும்போது கால்களைப் பாருங்கள்; மலிவான சுட்டு லேசர்கள் பலவற்றில் அந்த ஃபோட்டோ டையோடு இருக்காது. கற்றை யார் கண்ணிலும் படாமல் மேசையைத் தடுப்பால் மறையுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பருவத்திலேயே இந்தச் சோதனையை மாணவர் கையில் கொடுங்கள்.