பள்ளிக்கு வரும் இளவேனில்

ஜார்ஜ்டவுனில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். அங்கே உறைபனி பெய்வதில்லை. இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு மரங்கள் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பதும் இல்லை. ஆனாலும், சில வாரங்கள் வறண்ட வானிலைக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்தால், சாலையோர அங்சானா மரங்கள் திடீரென மஞ்சள் பூக்களால் நிறைந்துவிடும். மலர்ந்த பூக்கள் மறுநாளே உதிர்ந்து, நடைபாதையில் மஞ்சள் பாய் விரித்ததுபோல் கிடக்கும். சங்கப் புலவர்கள் பாடிய வேங்கை மரமும் இந்த அங்சானாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பள்ளிக்கு விரைந்து செல்லும் மாணவர்கள் பலர் அப்பூக்களை மிதித்துக்கொண்டே நடப்பர். நின்று பார்ப்போர் சிலரே.

பருவம் மாறுவதை நின்று பார்ப்பதும், அதனைப் பலரோடு சேர்ந்து கொண்டாடுவதும் கல்வியின் ஒரு பகுதியே எனக் கருதும் பள்ளிகள் உலகில் உள்ளன. அவற்றுள் வால்டோர்ப் பள்ளிகள் குறிப்பிடத்தக்கவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்டோர்ப் பள்ளிகள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன. இந்தியாவில் ஹைதராபாத், மும்பை ஆகிய நகரங்களிலும் இக்கல்விமுறையைப் பின்பற்றும் பள்ளிகள் உண்டு. அப்பள்ளிகளில் இளவேனில் எவ்வாறு வரவேற்கப்படுகிறது என்பதை அறிந்தால், பினாங்கில் வாழும் மாணவர்களும் தங்கள் பள்ளியைப் புதிய கண்ணோடு பார்க்கலாம்.

ஆலையில் பிறந்த பள்ளி

முதலாம் உலகப் போர் 1918ஆம் ஆண்டு நவம்பரில் முடிவுற்றது. போரில் தோற்ற ஜெர்மனியில் உணவுப் பற்றாக்குறையும் வறுமையும் மக்களை வாட்டின. அந்நாட்டின் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டோர்ப் அஸ்டோரியா என்ற சிகரெட் ஆலை இருந்தது. அதனை நடத்திவந்தவர் எமில் மோல்ட். உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அக்காலத்தில் தொடக்கக் கல்வியோடு நின்று வேலைக்குச் சென்றனர். உயர்கல்விக்கு வழி திறக்கும் பள்ளிகள் வசதி படைத்தோருக்கே எட்டின. தம் ஆலையில் வேலை செய்வோரின் பிள்ளைகளும் நல்ல கல்வி பெற வேண்டும் என மோல்ட் எண்ணினார்.

ருடால்ப் ஸ்டைனர் என்னும் ஆஸ்திரியச் சிந்தனையாளர், 1919ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த ஆலைத் தொழிலாளர்களிடையே உரையாற்றினார். அதன்பின், பள்ளி ஒன்றை அமைத்துத் தருமாறு மோல்ட் அவரைக் கேட்டுக்கொண்டார். குன்றின்மேல் இருந்த பழைய உணவகக் கட்டடம் ஒன்று வகுப்பறைகளாக மாறியது. 1919 செப்டம்பர் 7ஆம் நாள் பள்ளி திறப்பு விழா கண்டது. ஏறத்தாழ 250 மாணவர்கள் சேர்ந்தனர். தொழிலாளியின் மகனும் வசதியான வீட்டு மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தனர். ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாரும் கம்பளி நூலால் பின்னக் கற்றனர். ஆலையின் பெயரே பள்ளிக்கும் நிலைத்தது.

இப்பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல ஆண்டுகள் ஒரு வகுப்பை வழிநடத்துவது வழக்கம். ஒரு பாடத்தை மூன்று அல்லது நான்கு வாரங்கள் தொடர்ந்து படிப்பர். கற்றதைத் தாமே எழுதி, படம் வரைந்து, தங்கள் பாடநூலைத் தாங்களே உருவாக்குவர். எழுத்தையும் வாசிப்பையும் மற்றப் பள்ளிகளைவிடத் தாமதமாகத் தொடங்குவதை ஏற்காத கல்வியாளர்களும் உண்டு. ஸ்டைனரின் கருத்துகள் அனைத்தையும் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. எனினும், கையால் செய்து கற்பதிலும் பள்ளியை ஒரு குடும்பமாக வளர்ப்பதிலும் இப்பள்ளிகள் காட்டும் அக்கறை பலரையும் கவர்ந்துள்ளது.

விதையில் தொடங்கும் விழா

ஐரோப்பாவில் குளிர்காலம் நீண்டது. வெளியே விளையாடவும் இயலாமல் சிறுவர்கள் வீட்டிற்குள் அடைந்திருப்பர். அதனால், மார்ச் மாதத்தில் முதல் தளிர் தலைகாட்டும்போது அவர்கள் மனம் துள்ளும். வால்டோர்ப் மழலையர் வகுப்புகளில் ஜன்னலோரம் சிறு தட்டுகளில் மண் நிரப்பிக் கோதுமை மணிகளைத் தூவுவர். நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பர். ஓரிரு வாரங்களில் தட்டு முழுவதும் பசும்புல் எழும். நம் கோயில் விழாக்களில் முளைப்பாரி வளர்ப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வகுப்பின் மூலையில் ஒரு மேசை இருக்கும். மாணவர்கள் வழியில் கண்டெடுத்த பூ, இறகு, கூழாங்கல் ஆகியவற்றை அங்கு வைப்பர். அந்த மேசையைப் பார்த்தே, வெளியே என்ன பருவம் என்பதைச் சொல்லிவிடலாம்.

ஏறத்தாழ ஒன்பது வயதில் மாணவர்கள் உழவுத் தொழிலைப் பாடமாகப் படிக்கின்றனர். நிலத்தைக் கொத்தி, விதைத்து, களை எடுத்து, அறுத்து, மாவாக்கி, ரொட்டி சுடும்வரை ஒவ்வொரு வேலையிலும் அவர்களது கை படுகிறது. ஒரு ரொட்டித் துண்டின் பின்னால் எத்தனை நாள் உழைப்பு உள்ளது என்பதை அவர்கள் உடல் களைத்தே அறிந்துகொள்கின்றனர்.

மே மாதம் பிறக்கும்போது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல வால்டோர்ப் பள்ளிகளில் மே கம்ப விழா நடைபெறுகிறது. திடலின் நடுவே உயரமான கம்பம் ஒன்றை நடுவர். அதன் உச்சியிலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கும். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்வார். இசை தொடங்கியதும் பாதிப் பேர் வலமாகவும் மீதிப் பேர் இடமாகவும் சுற்றுவர். எதிரே வருபவரை ஒருமுறை உள்ளாகவும் மறுமுறை வெளியாகவும் கடந்து செல்வர். ஆட்டம் வளர வளர, கம்பத்தின்மேல் நாடாக்கள் அழகிய பின்னலாக இறங்கும். பெற்றோர் கொண்டுவந்த உணவைப் பலரும் பகிர்ந்து உண்பர்.

இந்த ஆட்டத்தைக் காணும் தமிழருக்குப் பின்னல் கோலாட்டம் நினைவுக்கு வரும். அதிலும் மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்தபடி ஆடுவோர் ஒருவரை ஒருவர் கடந்து சடையைப்போல் பின்னுவர். பின்னியபின், அதே அடிகளைத் திருப்பி வைத்துப் பின்னலை அவிழ்ப்பர். ஒருவர் ஓர் அடி தவறினாலும் பின்னல் சிக்கிக்கொள்ளும். சிக்கல் விழுந்தால், தவறியவரைக் குறைகூறிப் பயனில்லை. எல்லாரும் நின்று, சில அடிகள் பின்னே சென்று, மீண்டும் தொடங்க வேண்டும். திறமையாக ஆடுபவர் ஒருவர் மட்டும் விரைந்து சென்றாலும் பின்னல் கெட்டுவிடும். ஆயிரக்கணக்கான கல் தொலைவில் வாழ்ந்த இரு மக்கள் கூட்டத்தார், சேர்ந்து வாழும் இந்தப் பாடத்தை ஒரே வகை ஆட்டத்தில் பொதிந்து வைத்திருப்பது வியப்பளிக்கிறது.

சேர்ந்து வாழும் பள்ளியும் சோதனைக்கு உள்ளானதுண்டு. ஹிட்லரின் ஆட்சியில், 1938ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் பள்ளி மூடப்பட்டது. ஒவ்வொரு பிள்ளையின் தனித்தன்மையையும் மதித்த பள்ளிக்கு, எல்லாரும் ஒரே ஆணைக்குப் பணிய வேண்டும் என்ற ஆட்சியில் இடமில்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே அப்பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடம் பூட்டப்பட்ட பிறகும் ஆசிரியரையும் பெற்றோரையும் முன்னாள் மாணவரையும் இணைத்த நூல் அறுந்துவிடவில்லை.

பினாங்கின் இளவேனில்

நான்கு பருவங்கள் உள்ள நாட்டின் விழாவைப் பினாங்கில் அப்படியே நடத்த இயலுமா? கம்பத்தையும் நாடாவையும் இரவல் வாங்கலாம். பனி உருகிய மகிழ்ச்சியை இரவல் வாங்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம். பினாங்கு மண்ணுக்கும் தனக்கே உரிய பருவக் குறிப்புகள் உண்டு.

பாலிக் பூலாவ் தோட்டங்களில், ஆண்டின் தொடக்கத்தில் நிலவும் வறட்சிக்குப் பின் டுரியான் மரங்கள் பூக்கின்றன. கிளையோடு ஒட்டித் தொங்கும் அப்பூக்கள் மாலையில் விரியும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள் மகரந்தத்தைச் சுமந்து செல்லும். விடிவதற்குள் பூவிதழ்கள் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ மூன்று, நான்கு மாதங்களுக்குப் பின் பழம் விழத் தொடங்கும். பழம் விற்கும் கடையை அறிந்த மாணவர் பலர். பூவைக் கண்டவர் சிலர். வௌவால் இல்லையென்றால் பழம் குறையும் என்பதை அறிந்தவர் இன்னும் சிலரே.

இதே காலத்தில் பினாங்கின் விழாக்களும் வரிசையாக வருகின்றன. ஜனவரியில் பொங்கல். அதனைத் தொடர்ந்து தைப்பூசம். வெள்ளி இரதம் செல்லும் வழியெங்கும் தேங்காய்கள் உடைபடும். அவற்றை உடைப்போரில் தமிழரோடு சீனர்களும் இருப்பர். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையோரம் அமைந்த தண்ணீர்ப் பந்தல்களில், வருவோர் யார் எனக் கேளாமல் உணவும் நீரும் வழங்குவர். சீனப் புத்தாண்டை வசந்த விழா என்றே சீனர்கள் அழைக்கின்றனர். அதன் பதினைந்தாம் இரவான சாப் கோ மே அன்று, பாடாங் கோத்தா லாமா கடற்கரையில் ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறியும் வழக்கம் பினாங்கில் இன்றும் உள்ளது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு பிறக்கிறது. ஆகவே, பினாங்கில் இளவேனில் பல மொழிகளில் பேசுகிறது எனலாம்.

பலரும் ஒரே கூரையின்கீழ் கற்பதும் இத்தீவுக்குப் புதிதன்று. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் பினாங்கு பிரீ பள்ளி தொடங்கப்பட்டது. இனமும் சமயமும் பாராமல் மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதே அதன் கொள்கையாக இருந்தது. அங்குத் தமிழ் வகுப்பும் இடம்பெற்றது. இந்நாட்டில் தமிழ்க்கல்வி அவ்வகுப்பில் தொடங்கியதாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டில் அதன் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டது.

பாத்திரம் கழுவுவது யார்?

இன்று பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகத்தார் பொங்கல் விழா நடத்துகின்றனர். அவ்விழாவை இரண்டு வகையில் நடத்தலாம். ஒரு வகையில், உணவைக் கடையில் சொல்லிவிடலாம். தோரணத்தை வாடகைக்கு எடுக்கலாம். நான்கு மாணவர்கள் மேடையில் ஆட, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து கைதட்டலாம். விழா குறித்த நேரத்தில் முடிந்துவிடும். படங்களும் அழகாக அமையும். ஆனால், அமர்ந்திருந்தவர்களுக்கு அது இன்னொருவருடைய விழாவாகவே இருக்கும்.

மற்றொரு வகையில் வேலை அதிகம். சில வாரங்களுக்கு முன்பே பள்ளித் தோட்டத்தில் மஞ்சளும் இஞ்சியும் நன்கு வளர்ந்திருக்க வேண்டும். முதல் நாள் கூட்டுப்பணியில் திடலைப் பெருக்க வேண்டும். கோலம் போடத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் புள்ளி வைக்கக் கற்றுத்தர வேண்டும். மலாய் நண்பர் ஒருவர் தென்னங்குருத்தைப் பின்னுவதில் வல்லவராக இருக்கலாம். தோரணம் கட்டும் பணி அவர் பொறுப்பில் வரலாம். சீனத் தோழி ஒருவர் அடுப்பு புகையும்போது விறகைத் தள்ளிக் கொடுக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மா ஒருவர், பால் பொங்கும் நேரம் அறிந்து குரல் கொடுப்பார். பொங்கல் சற்றே அடிப்பிடித்தும் போகலாம். அதையும் சிரித்துக்கொண்டே பகிர்ந்து உண்பர்.

விழா முடிந்தபின் கரிபிடித்த பானைகள் மீதம் இருக்கும். அவற்றை யார் கழுவுகின்றனர் என்பதைக் கவனித்தால், அப்பள்ளி எத்தகைய சமூகம் என்பது புலப்படும். பள்ளித் துப்புரவுப் பணியாளர் ஒருவரே தனியாக நின்று கழுவினால், நாடா ஓரிடத்தில் சிக்கிவிட்டது எனப் பொருள். மேடையில் ஆடியவரும் தலைமை மாணவரும் புதிதாகச் சேர்ந்த மாணவரும் அருகருகே அமர்ந்து தேய்த்தால், பின்னல் ஒழுங்காக இறங்குகிறது எனலாம். வகுப்பில் அதிகம் பேசாத மாணவர்கூட, கையில் ஒரு வேலை கிடைத்ததும் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குவார். ஸ்டுட்கார்ட் பள்ளியில் தொழிலாளியின் மகனும் வசதியான வீட்டு மகளும் சேர்ந்து கம்பளி பின்னியபோதும் இத்தகைய நட்பே வளர்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வகுப்பின் மூலையில் ஒரு சிறு மேசை போதும். உதிர்ந்த அங்சானாப் பூ, டுரியான் மொட்டு, கோலமாவு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றை மாணவர்கள் அங்கே கொண்டுவந்து வைக்கலாம். ஒவ்வொன்றையும் பற்றி, கொண்டுவந்தவரே இரண்டு நிமிடம் தமிழில் பேசலாம். அடுத்த முறை வறண்ட நாள்களுக்குப் பின் மழை பெய்து, சாலை மஞ்சளாகும் காலையில், வகுப்புக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூ இருக்கக்கூடும்.