வாந்திபேதிக் கிருமியைக் காட்டிக்கொடுக்கும் ஆகாரம்

கிணற்று நீர் தெளிவாயிருப்பின் அது தூயதே என்று நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறாகும். வாந்திபேதி, சீதபேதி, டைபாயிடு சுரம் ஆகியவற்றை விளைவிக்கும் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படா. பரிசோதனைச் சாலையில் தக்க ஆகாரமிட்டு வளர்த்தாலன்றி, அவற்றை இன்னவையென்று பிரித்தறிதல் அரிது.

மலத்தில் பலவகைக் கிருமிகள் கலந்திருக்கும். குடியானவர் களையை நீக்கிப் பயிரைக் காப்பதுபோல, வேண்டாத கிருமிகளை அடக்கி, வேண்டியதை வளரவிடுதல் வேண்டும். மக்கான்கி என்னும் அறிஞர் அமைத்த ஆகாரத்தில் பித்த உப்பு களையெடுக்கும் வேலையைச் செய்கிறது. அதிலுள்ள பாற்சர்க்கரையைப் புளிக்கச்செய்யும் கிருமிகள் சிவந்த புள்ளிகளாகத் தோன்றும். டைபாயிடு, சீதபேதிக் கிருமிகளோ நிறமின்றி நிற்கும். வாந்திபேதிக் கிருமிக்குக் காரத்தன்மை மிக்க வேறோர் ஆகாரம் உண்டு. அதிலுள்ள சர்க்கரையை அது புளிக்கச்செய்து, மஞ்சள் நிறப் புள்ளிகளாக வளரும்.

இதன் பயன் யாதெனின், சென்னையில் நிகழ்ந்ததைக் கூறுவோம். 1992-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்நகரில் வாந்திபேதி பரவிற்று. நோயாளரிடமிருந்து வளர்த்தெடுத்த கிருமி வாந்திபேதிக் கிருமியைப் போன்றேயிருந்தது. ஆயினும் அதை அடையாளங்காணப் பயன்பட்டுவந்த ஓ1 சீரத்துடன் சேரவில்லை. அதுகாறும் பெருவாரியாகப் பரவும் வாந்திபேதிக்கு ஓ1 வகையே காரணமெனக் கருதப்பட்டது. ஆராய்ந்ததில் இது புதுவகை எனத் தெளிந்து, 1993-ல் ஓ139 எனப் பெயர் பெற்றது. வளர்த்துப் பாராமல் சீரத்தை மட்டுமே நம்பியிருப்பின் இந்நோயின் காரணம் மறைந்தேயிருக்கும்.

அடையாற்றை அடுத்த கிண்டியில், 1899-ல் நிறுவப்பெற்ற கிங் நிலையத்தில் குடிநீர்ப் பரிசோதனையும் நடைபெறுகின்றது. மயிலாப்பூரின் தெருக்குழாயாயினும் சிற்றூரின் பொதுக்கிணறாயினும், சாக்கடை நீர் கலந்ததோ என்னும் ஐயம் எழுந்தால் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுமாறு சுகாதார அதிகாரியை வேண்டுதல் நலம்.

வீட்டில் ஒருவருக்குப் பேதி கண்டால், கிருமிகளைக் கொல்லும் மருந்து கொடுக்குமுன் மலத்தைப் பரிசோதனைக்கு எடுக்கச் செய்க. மருந்து உட்சென்றபின் கிருமி வளராமற் போகலாம். ஆனால் கிருமி வளர ஓரிரு நாள் செல்லும். சிகிச்சை அதுவரை காத்திராது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், சிறு கரண்டியால் தலைதட்டி அளந்த ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி புகட்டி, நோயாளியை உடனே மருத்துவமனை சேர்ப்பிக்க. பரிசோதனை ஊரைக் காக்கும். இந்நீர் அவ்வுயிரைக் காக்கும்.