மிதிவண்டியோட்டிகளின் அன்னை

பிரான்சு நாட்டின் வரைபடத்தில் ‘டி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் தாங்கிய சாலைகளைக் காண்கிறோம். மாவட்ட நிர்வாகங்கள் பராமரிக்கும் இச்சாலைகளின் மொத்த நீளம் 3,50,000 கிலோமீட்டருக்கும் மேல். பெரிய வண்டிகள் நெடுஞ்சாலைகளை நாடுவதால், இவற்றுள் பல அமைதியாக இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே மிதிவண்டியில் செல்வோருக்கு இவை பேரின்பம் தருவன.

ஆயினும் அமைதியான சாலையிலும் ஆபத்து உண்டு. வளைவுக்கு அப்பால் வருவது கண்ணுக்குத் தெரியாது. காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மிதிவண்டியில் செல்பவருக்கோ அவருடைய தோலே கவசம். ஆகவே மிதிவண்டியை முந்துவோர் ஊருக்கு வெளியே 1.5 மீட்டரும் ஊருக்குள் 1 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 12 வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணிவதும் கட்டாயம்.

தென்மேற்கே லாந்து மாவட்டத்தில், லாபஸ்தீது தார்மஞாக் என்னும் சிற்றூர் அருகே பழைய சிற்றாலயம் ஒன்று உள்ளது. அருட்தந்தை ஜோசப் மாசியின் முயற்சியால், திருத்தந்தை 23ஆம் அருளப்பர் காலத்தில், 1959இல் அது மிதிவண்டியோட்டிகளின் அன்னை ஆலயமாயிற்று. இத்தாலியின் கிசால்லோ அன்னை ஆலயமே அவருக்கு முன்மாதிரி. பந்தய வீரர்கள் காணிக்கையாக்கிய நூற்றுக்கணக்கான சட்டைகள் அங்கே தொங்குகின்றன. வெற்றி பெற்றவரும் தம்மைக் காத்த கரத்தை மறக்கவில்லை.

சாலையில் வலியவர் எளியவருக்கு இடம் விடுவதும் பிறரன்பே. நாமும் செபித்துப் புறப்படுவோம், புறப்பட்டபின் விழிப்பாயிருப்போம்.