நாவலின் முதல் வரைவு முடிந்ததா? திருத்தத் தயாராவது எப்படி: பெரம்பலூர், அரியலூர் எழுத்தாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாவல் எழுதத் தொடங்குபவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் கடைசி வரி வரை வந்துவிட்டீர்கள். வாழ்த்துகள்! இனி அதைத் திருத்த வேண்டும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தங்களை ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே பார்ப்போம்.

தயாரிப்பு எதற்கு?

திருத்தத்துக்கும் தயாரிப்புக்கும் உள்ள உறவை நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரிடமே கற்கலாம். உ.வே.சாமிநாதையர் இளம் வயதில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்தவர். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். பெரம்பலூரை அடுத்த செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். பின்னாளில் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது பல ஏட்டுப் பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, குறிப்பெடுத்த பிறகே 1887இல் அச்சிட்டார். அதோடு விட்டுவிடாமல், திருத்திய பதிப்பை 1907இல் கொண்டுவந்தார்.

அவர் பதிப்பித்தது பழைய காப்பியம், நம் கையில் இருப்பது புதிய நாவல். ஆனாலும் முறை ஒன்றுதான்: முதலில் திரட்டு, பிறகு ஒப்பிடு, கடைசியில் திருத்து.

முதல் படி: ஆறப்போடுவோம்

வரைவை முடித்த கையோடு திருத்த உட்கார வேண்டாம். எழுதிய சூட்டில் எல்லா வரியும் நன்றாகவே தெரியும். ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். அதற்குள் வேறு நாவல்களை வாசிக்கலாம். மாவட்ட மைய நூலகம் பெரம்பலூரிலும் இருக்கிறது, அரியலூரிலும் இருக்கிறது.

இரண்டாம் படி: நகலும் அச்சும்

கோப்பை மூன்று இடங்களில் சேமிப்போம்: கணினி, பென்டிரைவ், நம் மின்னஞ்சல். கோப்பின் பெயரிலேயே ‘வரைவு 1’ என்றும் தேதியையும் போட்டுவிடுங்கள். இந்தக் கோப்பை இனித் தொடக் கூடாது. திருத்தங்கள் எல்லாம் ‘வரைவு 2’இல்தான்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கையால் எழுதியிருந்தால், கூகுள் டாக்ஸின் குரல்வழித் தட்டச்சில் வாசித்தே ஏற்றலாம். வாசிக்கும்போது நாக்கு இடறும் வரிகளைக் குறித்து வையுங்கள். அவை பின்னால் உதவும்.

அடுத்து, ஒரு பக்க அச்சாக ஏ4 தாளில் எடுப்போம். வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளியும் வலப்பக்கம் அகலமான ஓரமும் விடுங்கள். திரையில் கண்ணுக்குத் தப்பும் குறைகள் தாளில் பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: பேனா இல்லாத வாசிப்பு

முதல் வாசிப்பில் எதையும் திருத்த வேண்டாம். ஒரு வாசகராக, இரண்டு மூன்று நாள்களுக்குள் முழுவதையும் படித்து முடிப்போம். ஓரத்தில் பென்சிலால் மூன்று குறிகள் மட்டும்: சலிப்புத் தட்டிய இடத்தில் கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, மனம் ஒன்றிய இடத்தில் நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட பகுதிகளே நாவலின் உயிர். பிறகு வெட்டும்போது அவற்றின் மேல் கை வைக்காமல் இருக்க இந்தக் குறி வேண்டும்.

நான்காம் படி: அத்தியாயப் பட்டியல்

ஒரு நீள நோட்டில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுவோம். எண், மாதம், இடம், யார் யார், என்ன நடக்கிறது, அதனால் என்ன மாறுகிறது என்று ஆறு கட்டங்கள் போதும். ஒரு மாதிரி:

அத்தியாயம் 7. தை. சிறுவாச்சூர். செல்வி, அவள் அண்ணன். நகை அடகு போன விஷயம் தெரிகிறது. அண்ணனிடம் பேசுவதைச் செல்வி நிறுத்துகிறாள்.

கடைசிக் கட்டம் காலியாக நிற்கும் அத்தியாயத்தை வெட்ட வேண்டும், அல்லது இன்னொன்றோடு சேர்க்க வேண்டும். கதையின் பலவீனம் இந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

பட்டியலின் பின்பக்கத்தில் பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறை, அவர்கள் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் ‘சித்தப்பா’வாக இருந்தவர் பதினைந்தில் ‘மாமா’ ஆகிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: ஊர் விவரம் சரிபார்ப்பு

உள்ளூர் வாசகர் முதலில் பிடிப்பது இந்தப் பிழைகளைத்தான். ஒவ்வொன்றாகச் சரிபார்ப்போம்.

*ஆண்டு:* பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995இல். 1990இல் நடக்கும் கதையில் மனு கொடுக்கப் போகிறவர் திருச்சி கலெக்டர் ஆபீசுக்குத்தான் போக வேண்டும். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடி பிரிந்தது.

*பயணம்:* பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து வருகிறவரை ரயிலில் கொண்டுவர வேண்டுமென்றால் அரியலூரில் இறக்கிப் பஸ் ஏற்றிவிடுங்கள்.

*கிழமை:* சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வாராந்திர வழிபாடு திங்களும் வெள்ளியும்தான். விசேஷம் ஏதும் இல்லாத புதன்கிழமையில் உங்கள் பாத்திரம் அங்கே அர்ச்சனைத் தட்டோடு நிற்கக் கூடாது.

*பருவம்:* பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசி மழையை நம்பி விதைப்பது, அறுவடை தை வாக்கில். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி பறிப்பது கோடையில். பட்டியலில் உள்ள மாதத்தோடு பயிரையும் ஒப்பிடுங்கள்.

*வரலாறு:* 1956 நவம்பர் 23 அதிகாலை மருதையாற்றில் நடந்த ரயில் விபத்தைத் தொட்டு எழுதியிருந்தால், அந்நாளைய செய்தித்தாள்களைப் பார்த்துவிடுங்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகக் காரணமான விபத்து அது. கேட்ட கதையும் பதிவான செய்தியும் எங்கே வேறுபடுகின்றன என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மொழியை ஒழுங்கு செய்வோம்

உரையாடலுக்குப் பேச்சு வழக்கு, விவரிப்புக்கு எழுத்து வழக்கு என்று பிரிப்பதா, இரண்டையும் கலப்பதா? இப்போதே முடிவெடுத்து ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். வட்டாரச் சொற்களுக்குக் கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ கைகொடுக்கும். எழுத்து வழக்குக்கு ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும், நிறுத்தக்குறி, சொற்களைப் பிரித்துச் சேர்த்து எழுதுவது போன்றவற்றுக்குத் ‘தமிழ் நடைக் கையேடு’ம் பக்கத்தில் இருக்கட்டும்.

ஏழாம் படி: முதல் வாசகர்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் கதை நடக்கும் ஊரை அறிந்தவர், மற்றவர் நிறைய நாவல் படிப்பவர். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள், யாரை நம்ப முடியவில்லை, எங்கே குழம்பினீர்கள் என்று கேளுங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், பதில் வாதம் வேண்டாம்.

எந்த வரிசையில் திருத்துவது?

முதலில் கதை, பிறகு அத்தியாயம், அடுத்து காட்சி, அதன்பின் வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை. சுவர் எழும்பும் முன் யாரும் வெள்ளையடிப்பதில்லை. பிழை பார்க்கும் கட்டத்தில் ‘வாணி’ பிழைதிருத்தி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அது காட்டும் ஒவ்வொன்றையும் நாமே பார்த்து முடிவெடுக்க வேண்டும், பேச்சு வழக்கையும் அது பிழை என்று சொல்லக்கூடும்.

எவ்வளவு செலவாகும்?

60,000 சொற்கள் கொண்ட நாவல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 250 சொல் என்றால் 240 தாள். அச்சுக்குப் பக்கம் 2 ரூபாய் என்றால் 480 ரூபாய். வாசகர்களுக்கு இரண்டு ஜெராக்ஸ் பிரதி, பக்கம் 1 ரூபாய் வீதம் இன்னொரு 480. மூன்று பிரதிக்கும் ஸ்பைரல் பைண்டிங் சுமார் 240. நோட்டு, பேனா, பென்சில் 200. மொத்தம் 1,400 ரூபாய். கடைக்குக் கடை விலை மாறும், மொத்தமாகக் கொடுத்தால் குறைத்தும் தருவார்கள். ஆறப்போடும் மாதம் போக, இந்தத் தயாரிப்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

எச்சரிக்கை

முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருக்காதீர்கள். நாவல் நகராது.

வெட்டிய பகுதிகளை அழிக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.

பிழைதிருத்துநரை அமர்த்துவதாக இருந்தால், ஐந்து பக்கம் மாதிரிக்குத் திருத்தித் தரச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கட்டணம் பேசுங்கள்.

‘பணம் கட்டினால் உடனே புத்தகம்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், திருத்தம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

கல்லைச் சிலையாக்க உளி மட்டும் போதாது, எங்கே தட்டுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைத்தான் இந்த ஏழு படிகளும் நமக்குச் சொல்லித் தருகின்றன. உங்கள் வரைவு ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்கிறதென்றால், இந்த வாரமே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.