நட்பு வட்டமும் நம் பிள்ளைகளும்

கோலா கங்சாரில் 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று, மாவட்ட அலுவலகத்திற்கு அருகே இன்றும் நிற்கிறது. அம்மரம் நாடெங்கும் பரவியபின் எழுந்த தோட்டங்களில்தான் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்தனர். லயத்து வாழ்வில் ஒரு வசதி இருந்தது. பிள்ளை யாருடன் திரிகிறான் என்பதைப் பெற்றோர் தேடி அறிய வேண்டியதில்லை. அடுத்த வீட்டு அத்தை சொல்லிவிடுவார். கண்டிக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகையில் மொழி புதிது, முகங்களும் புதியவை. அந்த அச்சத்தில் முதலில் தோள்மீது கைபோடுபவனே உற்ற நண்பனாகிவிடுகிறான். அவன் எத்தகையவன் என ஆராயும் நிலையில் பிள்ளை இல்லை.

நண்பர் அருகிருந்தால் அறிவு மங்குமா? அமெரிக்காவில் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவர் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணினியில் வண்டியோட்டும் விளையாட்டு அது. 13 முதல் 16 வயது வரையுள்ளோர் தனித்து ஆடியதைவிடத் தோழர் பார்த்திருக்க ஆடியபோது மிகுதியான ஆபத்தை மேற்கொண்டனர். 24 வயதைக் கடந்தோரிடம் அத்தகைய மாற்றம் இல்லை. வீட்டில் அடக்கமாக இருக்கும் பையன், நண்பர் சூழ மோட்டார் சைக்கிளில் பறப்பது ஏன் என்பது இதனால் விளங்கும்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்தபோது, “அவனோடு சேரவிடாதீர்கள்” என்று பெற்றோரிடம் கூறியதுண்டு. பயன் விளையவில்லை, சந்திப்பு ஆற்றங்கரைக்கு மாறியது, அவ்வளவே! சுவீடனில் 14 வயதினரைப்பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இதற்கு விளக்கம் தருகிறது. பிள்ளையின் நடமாட்டத்தைப் பெற்றோர் அறிவது பெரும்பாலும் உளவறிவதாலன்று, பிள்ளையே மனம்விட்டுச் சொல்வதால்தான் என்கிறது அது. சொன்னதற்கெல்லாம் ஏச்சு வாங்குபவன் மறுநாள் வாய் திறப்பானா? அந்த நண்பனையே ஒரு நாள் வீட்டிற்கு அழைத்துச் சோறு போடுவது தகும். அவன் பெயரும் பெற்றோரும் அப்போது தெரியவரும்.

நட்பு கெடுக்கவே செய்யும் என்பதும் சரியன்று. 1950களில் கோ. சாரங்கபாணி தம் ‘தமிழ் முரசு’ நாளிதழின் வழி மாணவர் மணிமன்றத்தைத் தொடங்கினார். எழுத விரும்பிய சிறுவர்கள் ஒருவரையொருவர் அங்கே கண்டுகொண்டனர். அவர்களுட் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். இந்நாட்டில் ஊர்தோறும் மணிமன்றங்கள் எழுந்ததும் அவ்வழியேதான்.